கையொடிந்தவரும் மனமொடிந்தவரும்

திருப்பதியிலிருந்து சென்னைக்குச் செல்லும் வழியில் புத்தூர் என்றோர் ஊர் உண்டு. நம் சங்கத்து நண்பர்களில் பலர் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போதெல்லாம் அதைக் கடந்துதான் செல்கிறோம். அங்கே பேருந்து நின்றதும் சன்னல் வழியே பார்த்தால் ஒரு காட்சி கண்ணிற்படும். கையை மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டவர் ஒருவர். காலைத் துணியால் சுற்றிக்கொண்டு மகன் தோளில் சாய்ந்து நிற்பவர் ஒருவர். எல்லோரும் புத்தூர்க் கட்டுப் போட வந்தவர்கள். பச்சிலையும் முட்டையின் வெள்ளைக்கருவும் தடவி, மூங்கில் பத்தை வைத்துத் துணியால் இறுக்கும் இந்த வைத்தியம் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பெயர் பெற்றது. அதன் பெருமையைப் பேசுவது என் நோக்கமன்று. எலும்பு முறிந்தால் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே நல்லது என்று, விஞ்ஞானம் பயில்பவன் என்ற முறையில் ஒரு சொல் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். நான் கவனித்தது வேறு. அந்தக் கட்டை யாரும் மறைப்பதில்லை. பேருந்தில் ஏறினால் இடம் கொடுக்கிறார்கள். "எப்படி விழுந்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். அவரும் கதை சொல்லிக்கொண்டே வருகிறார்.

எங்கள் ஊர் நாராயணவனம் புத்தூரை அடுத்து இருக்கிறது. சீனிவாசனுக்கும் பத்மாவதிக்கும் திருமணம் நடந்த இடம் என்று புராணம் சொல்லும் கல்யாண வேங்கடேசுவரர் கோயிலைத் தேடி வெளியூரார் வருவார்கள். உள்ளூராரில் பலருக்குச் சோறு போடுவது தறி. 2022 ஏப்ரல் 4 வரையில் சித்தூர் மாவட்டத்தில் இருந்தோம். அன்று முதல் திருப்பதி மாவட்டத்தார் ஆனோம். தறியின் ஓசை மட்டும் மாறவில்லை. என் தந்தையார் ஆரணிப் பக்கத்திலிருந்து நெசவுப் பிழைப்பைத் தேடி இங்கே குடியேறியவர். வீட்டிலே தமிழ், தறிக்கூடத்திலே பாதித் தமிழ் பாதித் தெலுங்கு, பள்ளியிலே முழுத் தெலுங்கு என்று வளர்ந்தவன் நான்.

நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது, விசைத்தறிக் கூடத்தில் சிந்தியிருந்த எண்ணெயில் தந்தையார் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. புத்தூருக்குத்தான் போனோம். அன்று மாலையே முதலாளி வீட்டுக்கு வந்தார். "தறி எங்கேயும் ஓடிப்போகாது; கை கூடட்டும்" என்றார். தந்தையார் ஆறு வாரம் வேலைக்குப் போகவில்லை. திரும்பிப் போனதும் முதல் இருபது நாள் தறியில் நிற்க வைக்காமல், உட்கார்ந்தபடியே தார் சுற்றும் வேலை கொடுத்தார்கள். கூலி குறைவுதான். ஆயினும், "இந்த ஆளை நம்பி இனித் தறியைக் கொடுக்கலாமா?" என்று எவரும் கேட்கவில்லை.

என் பெரியப்பா மகன் இதையெல்லாம் கூடவே இருந்து பார்த்தவர். அதனால்தான் ஏமாந்தார்.

அண்ணன் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தார். எந்தத் தொழிற்சாலை என்பது இங்கே தேவையில்லை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு என்று ஷிப்டு சுழலும். பகல் ஷிப்டுக்கு விடியற்காலை நாலரை மணிக்கே கம்பெனிப் பேருந்து வந்து நிற்கும். இரண்டு ஆண்டுகள் ஒரு குறையுமில்லாமல் போய் வந்தார். பிறகு தூக்கம் கெட்டது. சாப்பாடு குறைந்தது. பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். திருப்பதியில் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மனச்சோர்வு நோய் என்று சொல்லி மருந்து கொடுத்தார்; மூன்று நான்கு வாரங்களில் பலன் தெரியும் என்றார்; அதுவரை இரவு வேலை மட்டும் வேண்டாம் என்றார்.

அண்ணன் நேரே மேற்பார்வையாளரிடம் போய், உள்ளதை உள்ளபடி சொன்னார். நோயின் பெயரைச் சொன்னார், மருந்துச் சீட்டையும் காட்டினார். இரண்டு மாதத்துக்கு இரவு ஷிப்டு மட்டும் வேண்டாம் என்று கேட்டார். அவரும் மிக அன்பாகப் பேசினாராம். "உடம்பைப் பார்த்துக்கொள் தம்பி" என்று தோளைத் தட்டினாராம். மறுநாள் காலைப் பேருந்தில் பின்னிருக்கையிலிருந்து யாரோ "பிச்சி" என்றார்கள். தெலுங்கில் அந்த ஒரு சொல்லுக்குள் எல்லா மனநோயும் அடக்கம். நம் "பைத்தியம்" போலத்தான். எட்டாம் நாள் ஒப்பந்தக்காரர், "இப்போது வேலை குறைவு, தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம்" என்றார். அந்த வாரம் அதே வரிசையில் மற்றவர்கள் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணனை நோய்க்காக நீக்கினார்கள் என்று எங்கேனும் எழுதியிருக்கிறதா? இல்லை. நீக்கினார்கள் என்றுகூட எழுதவில்லை. வேலை குறைவு, அவ்வளவுதான். இதை நான் ஓராண்டாக எண்ணிப் பார்த்து வருகிறேன். மனநோய் உண்டென்று சொன்ன தொழிலாளியை வேலை கொடுப்போர் நடத்தும் முறையில் பெரிய கொடுமை ஏச்சும் பேச்சுமன்று. காரணம் காகிதத்தில் ஏறுவதே இல்லை, அதுதான் கொடுமை. ஒருவருக்கு "வருகை குறைவு" என்பார்கள். இன்னொருவருக்கு "ஒழுங்கீனம்" என்பார்கள். ஒப்பந்தக்காரர் கீழிருப்பவருக்கு ஒன்றுமே சொல்ல மாட்டார்கள். நோய் என்ற சொல் மறைந்துவிடும், வேலையும் போய்விடும்.

இது எங்கள் குடும்பத்து மனக்குறை மட்டுமா, அல்லது பொதுவாக நடப்பதா? இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஃபரினா, ஃபெல்னர் என்ற இரு உளவியல் அறிஞர்கள் 1973இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவர்கள் அனுப்பிய ஆள் பல தொழிற்சாலைகளுக்கு வேலை கேட்டுச் சென்றார். பாதி இடங்களில், இடையில் வேலையில்லாமல் இருந்த மாதங்களில் ஊர் சுற்றப் போனதாகச் சொன்னார். மீதி இடங்களில் மனநோய் மருத்துவமனையில் இருந்ததாகச் சொன்னார். மருத்துவமனையைச் சொன்ன இடங்களில் முகம் கொடுத்துப் பேசுவது குறைந்தது. வேலை கிடைக்கும் வாய்ப்பும் குறைந்தது. ஊர் சுற்றியவனுக்கு இருந்த மதிப்பு சிகிச்சை பெற்றவனுக்கு இல்லை! 2016இல் அதே நாட்டில் வெளிவந்த இன்னோர் ஆய்வு புத்தூர்க்காரர்களுக்காகவே செய்தது போலிருக்கிறது. கற்பனை விண்ணப்பங்கள் தயாரித்து உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்பினார்கள். இடைவெளிக்குக் காரணம் சிலவற்றில் உடற்காயம், சிலவற்றில் மனநோய். மற்றவை எல்லாம் ஒரே தரம். மனநோயைச் சொன்ன விண்ணப்பங்களுக்கு அழைப்புக் குறைவாகவே வந்தது. கையொடிந்தவருக்கும் மனமொடிந்தவருக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் ஊர் மட்டும் கண்டுபிடிக்கவில்லை என்று தெரிந்தபோது எனக்கு ஓர் ஆறுதலும் இல்லை.

வேலை கொடுப்போரின் அச்சம் என்ன? இவரால் இயந்திரத்துக்கு ஆபத்து வருமோ, நாளை திடீரென்று வராமல் நின்றுவிடுவாரோ, கூட இருப்பவர்களை என்ன செய்வாரோ என்பவை. இந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடக் கூடாது. இயந்திரத்துக்கு முன் தூங்கி விழும் தொழிலாளி தன் விரலை இழக்கலாம். ஆனால் அச்சத்தைத் தீர்ப்பதற்கு நோயைப் பற்றிய அறிவு வேண்டும். "பிச்சி" என்ற ஒற்றைச் சொல் போதாது.

முதலில் கணக்கைப் பாருங்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டோடு வாழ்ந்துகொண்டிருந்தனர். குடிநோயும் இதில் அடக்கம். தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்த ஆய்வு அது; ஆந்திரம் அந்தப் பன்னிரண்டில் இல்லை. மாநில எல்லை தாண்டினால் மனித மனம் அடியோடு மாறிவிடாது என்று கொண்டால், நூறு பேர் நிற்கும் தொழிற்கூடத்தில் ஏறத்தாழப் பத்துப் பேர். அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையே பெறுவதில்லை என்றும் அதே ஆய்வு கண்டது. ஆகவே, மனநோயாளியை வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று முதலாளி கேட்பது காலங்கடந்த கேள்வி, ஏற்கெனவே வைத்துக்கொண்டிருக்கிறார். சிகிச்சை பெற்று, அதை வாய் திறந்து சொன்ன ஒருவரை மட்டும் பொறுக்கி வெளியே அனுப்பினால், மீதி ஒன்பது பேரும் மருந்தின்றி மௌனமாக அதே இயந்திரத்தின் முன் நிற்பார்கள். ஆபத்து இதில் குறைந்ததா, கூடியதா?

அடுத்து மருந்து. நான் வேதியியல் பயில்பவன். ஆதலால் லித்தியத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தனிம அட்டவணையில் மூன்றாவதாக நிற்கும் அந்த எளிய உலோகத்தின் உப்பு, களிப்பும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோயைக் கட்டுப்படுத்துகிறது. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இதைக் கண்டு வெளியிட்டார். இரத்தத்தில் அதன் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். குறைந்தால் பயனில்லை; மிகுந்தால் நஞ்சு. நம் சிறுநீரகம் லித்தியத்தைச் சோடியத்தைப் போலவே நடத்துகிறது. வியர்வையில் நீரும் உப்பும் போய், குடிக்கத் தண்ணீரும் இல்லையென்றால், சோடியத்தைப் பிடித்து வைக்கும் முயற்சியில் லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. இரத்தத்தில் அளவு ஏறிவிடுகிறது. வெப்பமான கூடத்தில் வேலை செய்யும் இப்படிப்பட்ட ஒரு தொழிலாளிக்கு முதலாளி செய்ய வேண்டிய பேருதவி என்ன தெரியுமா? பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் வைத்துக்கொள்ளவும், கழிப்பறைக்குப் போகவும், ஆறு மாதத்துக்கொரு முறையேனும் இரத்தப் பரிசோதனைக்குப் போகவும் அனுமதிப்பது. இதற்காகும் செலவு ஒரு தறிக்கு ஒரு நாள் வார்க்கும் எண்ணெய்க்கும் குறைவு.

தூக்கமும் அப்படியே. நம் உடலில் ஒளியையும் இருளையும் பார்த்து ஓடும் கடிகாரம் ஒன்று உண்டு. அதன் இயக்கத்தை மூலக்கூறளவில் விளக்கிய மூன்று அமெரிக்கர்களுக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. வாரந்தோறும் ஷிப்டு மாறினால் அக்கடிகாரம் எந்த நேரத்தையும் நம்ப முடியாமல் தவிக்கும். நலமாயிருப்பவருக்கே சோர்வு தட்டும். இருதுருவ நோயுள்ளவருக்கோ தூக்கம் கெடுவதே அடுத்த தாக்குதலைக் கிளப்பிவிடக் கூடும். சில மருந்துகள் விடியற்காலையில் கண்ணைத் திறக்க விடா. எனவே, "இரவு ஷிப்டு வேண்டாம்", "காலையில் ஒரு மணி நேரம் தாமதித்து வருகிறேன்" என்று கேட்பது சோம்பேறித்தனமன்று. மருந்துச் சீட்டின் இரண்டாம் பக்கம் என்றே அதைக் கொள்ள வேண்டும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நம் நாட்டில் சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுச் சட்டத்தில் 1953இல் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவு, நீடித்த நோய்க்காக ஒருவரின் வேலையை முடித்தால் அது ஆட்குறைப்பு ஆகாது என்றது. ஆட்குறைப்புக்குரிய இழப்பீடும் கிடையாது என்பது அதன் பொருள். 1948ஆம் ஆண்டுத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமோ, நோய் உதவித்தொகை பெறும் நாட்களில் தொழிலாளியை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று 73ஆம் பிரிவில் விதித்தது. ஒரு கை தள்ள, ஒரு கை தாங்கியது. இரண்டு சட்டங்களும் 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுக்குள் அடங்கிவிட்டன. காப்பீட்டுத் திட்டம் தொடர்கிறது. நாம் ஈ.எஸ்.ஐ. என்று சொல்லும் அத்திட்டத்தில் 70 விழுக்காடு கூலி 91 நாள் வரையில் கிடைப்பது பலருக்குத் தெரியும். நீண்டகால நோய்களுக்கு 80 விழுக்காடு கூலி இரண்டாண்டு வரையில் கிடைக்கும் என்பதும், அந்த நோய்ப் பட்டியலில் காசநோய், தொழுநோயோடு மனச்சிதைவு நோயும் கடுமையான மனச்சோர்வும் இருக்கின்றன என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? அண்ணனுக்குத் தெரியாது. அவர் கூலியில் மாதந்தோறும் பிடித்தம் மட்டும் நடந்தது.

2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் ஓர் ஊனமாகப் பட்டியலில் வைத்தது. ஊனத்தைக் காரணம் காட்டி வேறுபாடு செய்யக் கூடாது என்றது. ஒருவர் மற்றவரைப் போல வேலை செய்வதற்குத் தேவையான சிறு மாற்றத்தை, முதலாளிக்குப் பெருஞ்சுமை ஆகாத அளவில், செய்து கொடுக்க வேண்டும் என்றது. அதை மறுப்பதும் வேறுபாடு காட்டுவதே என்றது. இருபது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையொன்றை எழுதி வெளியிட வேண்டும் என்று அதன் விதிகள் கூறுகின்றன. 20ஆம் பிரிவு இன்னும் மேலே போகிறது. வேலையில் சேர்ந்தபின் ஊனமுற்றவரை நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது. பழைய வேலை முடியாதென்றால் அதே ஊதியத்தில் வேறு வேலை கொடுக்க வேண்டும். அப்படி வேலை இல்லையென்றால் உபரிப் பதவியொன்றை உண்டாக்கியேனும் வைத்திருக்க வேண்டும். ஆனால் இந்த வலிமையான வாக்கியம் அரசாங்க நிறுவனங்களுக்கென்று எழுதப்பட்டது. நம்மில் எத்தனை பேர் அரசாங்கத்தில் அமரப் போகிறோம்?

அரசாங்கத்திலேயே அது எவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது என்பதற்கு உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பர் 17இல் அளித்த ஒரு தீர்ப்பைச் சொல்ல வேண்டும். மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் 2001இல் சேர்ந்த அதிகாரி ஒருவர். 2009இல் அவருக்கு எண்ணச் சுழற்சி நோயும் மனச்சோர்வும் கண்டன. 2010இல், கொல்ல வேண்டும் அல்லது கொல்லப்பட வேண்டும் என்ற எண்ணம் தம்மை ஆட்டுவதாகவும் சுட்டுவிடக் கூடும் என்றும் அவர் சொன்னதாக மேலதிகாரி புகார் எழுதினார். அவர் வாயிலிருந்து வந்தது நோயின் குரல். எழுத்தில் ஏறியதோ ஒழுங்கீனம் என்று! துறை விசாரணை தொடங்கியது. 2016இல் மருத்துவர்களே அவருக்கு நிரந்தர மன ஊனம் என்று சான்றளித்தனர், விசாரணை நிற்கவில்லை. நீதிபதி சந்திரசூட் தலைமையில் மூன்று நீதிபதிகள் அந்த விசாரணையை இரத்துச் செய்தார்கள். அவர்கள் சொன்னதில் இரண்டு கருத்துகள் நமக்கு முக்கியம். மனநோயுள்ளவருக்கு வேலையிடத்து ஒழுங்குகளைக் கடைப்பிடிப்பதே மற்றவரைவிடக் கடினம். ஆகவே அவர்மீது விசாரணை பாயும் வாய்ப்பும் மிகுதி. அது சமனற்ற நடத்தை. மற்றொன்று, நோய் ஒன்றுதான் காரணம் என்று தொழிலாளி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. காரணங்களுள் அதுவும் ஒன்றாக இருந்தால் போதும். "வருகை குறைவு", "ஒழுங்கீனம்" என்ற திரைகளுக்குப் பின்னால் கை நீட்டிப் பார்க்க இந்த இரண்டாவது கருத்து வழி செய்கிறது. துப்பாக்கியைப் பற்றிய அச்சத்தையும் நீதிமன்றம் தள்ளிவிடவில்லை. துப்பாக்கி வேண்டாத வேலையைக் கொடுங்கள், ஊதியத்தைக் குறைக்காதீர்கள் என்றது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தறிக்கூடம் நினைவுக்கு வந்தது. தறியில் நிற்க முடியாதவரைத் தார் சுற்ற உட்கார வைத்தாரே, அந்த முதலாளி எந்தச் சட்டத்தையும் படித்ததில்லை. பாதித் தீர்ப்பை அவரே எழுதிவிட்டார். ஊதியத்தைப் பற்றிய மறுபாதியை மட்டும் விட்டுவிட்டார்!

வேலையே மருந்தாகும் என்ற எண்ணமும் நமக்குப் புதிதன்று. சென்னையில் 1794இல் தொடங்கிய மனநோய் விடுதி, பிற்காலத்தில் கீழ்ப்பாக்கத்துப் பெரிய மருத்துவமனையாக வளர்ந்தது. 1961இல் அதன் பொறுப்பை ஏற்ற டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். நோயாளிகள் சும்மா உட்கார்ந்திருக்கும் இடமாக அது இருக்கக் கூடாதென்று தொழில்வழிச் சிகிச்சைக்கு அங்கே இடம் உண்டாக்கினார். ஓய்வு பெற்றபின் 1984இல் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி அறக்கட்டளையைச் சென்னையில் நிறுவினார். 2021இல் 98ஆம் வயதில் மறைந்தார். நோயாளிக்கு வேலை கொடுத்தால் நோய் கூடும் என்று நினைப்போர் அவருடைய அறுபதாண்டுப் பணியைப் பார்க்க வேண்டும்.

உயர்ந்த பதவியில் இருப்பவர் சொன்னால் என்ன ஆகும்? இரண்டு நாடுகள் இரண்டு விடை சொல்லியிருக்கின்றன. 1972இல் அமெரிக்காவில் துணை ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்தப்பட்ட செனட்டர் ஈகிள்டன், முன்பு மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் சிகிச்சை பெற்றது வெளியானது. சில நாட்களில் அவர் விலக நேர்ந்தது. அவரால் நாட்டுப்பணி முடியாது என்றா? அவருடைய மிசௌரி மாநிலத்து மக்கள் அதன்பின் இரண்டு முறை அவரையே செனட்டுக்கு அனுப்பினார்கள். 1987 வரை இருந்தார். நார்வே நாட்டுப் பிரதமர் போண்டெவிக் 1998இல் தமக்கு மனச்சோர்வு என்று தாமே அறிவித்து, சில வாரம் விடுப்பு எடுத்து, மீண்டும் நாற்காலிக்கு வந்தார். 2001இல் மறுபடியும் பிரதமரானார். ஒரு நாட்டின் பிரதமருக்கு மூன்று நான்கு வாரம் கிடைத்தது. அண்ணனுக்கு எட்டு நாள்.

நம்மில் பலர் இந்த ஆண்டே நேர்முகத் தேர்வுகளுக்குப் போகவிருக்கிறோம். சிலரேனும் இப்போதே மருந்து சாப்பிடுகிறார்கள் என்பதை விடுதியில் இருப்பவன் என்ற முறையில் அறிவேன். அவர்களுக்காக, நான் கேட்டும் படித்தும் அறிந்ததைச் சொல்கிறேன்.

பிரிட்டனில் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், வேலை தருவதாகச் சொல்லும் முன்பு உடல்நலத்தைப் பற்றிக் கேட்பதையே பெரும்பாலும் தடுத்துவிட்டது. நம் நாட்டு விண்ணப்பங்களில் அந்தக் கேள்வி வரலாம். கேட்காத இடத்தில் நாமாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. விமானம், துப்பாக்கி, கனரக வண்டி போன்ற வேலைகளுக்கு மருத்துவ விதிகள் தனி. கேட்ட இடத்தில் பொய் எழுதுவது மட்டும் ஆகாது. பின்னாளில் வேறு மனத்தாங்கல் வந்தால் அந்தப் பொய்யையே எடுத்து நீட்டுவார்கள். வேலையில் சேர்ந்தபின் உதவி தேவைப்பட்டால், நோயின் பெயரிலிருந்து தொடங்காமல், வேண்டிய மாற்றத்திலிருந்து தொடங்குவது நல்லது. "மருத்துவர் ஆலோசனைப்படி இத்தனை வாரத்துக்கு இரவு ஷிப்டு வேண்டாம்" என்றால் மேற்பார்வையாளர் தலையில் ஷிப்டு அட்டவணைதான் ஓடும். நோயின் பெயரைச் சொன்னால் அவர் பார்த்த சினிமாவெல்லாம் ஓடும். எதையும் எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ள வேண்டும். வாயாற் சொன்னது பேருந்தின் பின்னிருக்கை வரைக்கும் போகும். நீதிமன்றம் வரைக்கும் போகாது.

இன்னொன்று. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு நோயாளியின் இரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. யாரை? சிகிச்சையளிப்போரை. மருத்துவர் வாய்க்குப் பூட்டு உண்டு. மேற்பார்வையாளர் வாய்க்கு அந்தப் பூட்டு இல்லை. அண்ணன் காட்டிய மருந்துச் சீட்டு, பூட்டிய அறையிலிருந்து அவர் கையாலேயே வெளியே வந்துவிட்டது. இதை அவரிடம் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையொடிந்தால் கட்டைக் காட்டுவதுதானே ஊர் வழக்கம்?

பேச ஆளில்லை என்று இருப்பவர்களுக்கு 14416 என்ற எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய தொலைபேசி மனநல உதவி அது, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். வேற்று மொழியில் கணக்குச் சொல்லலாம், வழி கேட்கலாம். மனத்தில் இருப்பதைச் சொல்வதற்குத் தாய்மொழி வேண்டியிருக்கிறது. அண்ணன் தம் நோயை மேற்பார்வையாளரிடம் தெலுங்கில் சொன்னார். எங்களிடம் தமிழில் சொன்னதில் பாதிகூட அதில் வந்திராது.

அவர் இப்போது நாராயணவனத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கிறார். மருந்து நிற்கவில்லை, தூக்கம் திரும்பிவிட்டது. அங்கே ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, ஊருக்கே தெரியும். சில நாள் காலையில் எட்டு மணிக்குப் போகிறார். முதலாளி கடிகாரத்தைப் பார்க்கிறார், ஒன்றும் சொல்வதில்லை. கூலி தொழிற்சாலையில் வாங்கியதில் பாதிக்குச் சற்று மேல். வருங்கால வைப்பு நிதியும் இல்லை, ஈ.எஸ்.ஐ.யும் இல்லை.

சென்ற மாதம் நாங்கள் இருவரும் உட்கார்ந்து அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் எழுதினோம். எந்தத் தேதியில் என்ன கேட்டார், எந்தத் தேதியில் என்ன பதில் வந்தது, வேலை குறைவு என்ற அதே வாரத்தில் எத்தனை பேர் ஓவர்டைம் செய்தார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல நான் தெலுங்கில் எழுதினேன். தம்மை நீக்கிய காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று முடித்தோம். கையெழுத்துப் போடும்போது அவர் கை நடுங்கவில்லை. ஒப்பந்தக்காரருக்கு ஒரு நகல், கம்பெனிக்கு ஒரு நகல், புத்தூர்த் தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்ட்டில் போட்டோம். இரண்டும் போய்ச் சேர்ந்தன. பதில் இன்னும் வரவில்லை. ரசீது இரண்டும் என் வேதியியல் புத்தகத்துக்குள் இருக்கின்றன.